ஈடிபி தண்ணீர் ஏன் பாஸ் ஆவதில்லை? கணக்கும் குடுவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பக்கம் பிளேட்டிங், மெட்டல் ஃபினிஷிங் யூனிட் வைத்திருப்பவர்களும், அங்கே ஈடிபி ஓட்டுகிறவர்களும், வேதியியல் படிக்கும் மாணவர்கள் சிலரும் என்னிடம் கேட்டவை இவை. ஈடிபி என்றால் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதில்களில் நான் சொல்லும் வரம்புகள், ஆறு கால்வாய் போன்ற நிலப்பரப்பு நீர்நிலைகளில் கழிவுநீரை விடுவதற்கான பொது வரம்புகள்: லிட்டருக்கு நிக்கல் 3 மில்லிகிராம், துத்தநாகம் 5, மொத்தக் குரோமியம் 2, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1, ஃபுளோரைடு 2, பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 9 வரை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த கன்சென்ட் ஆர்டரில் இதைவிடக் கடுமையாகப் போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

வேதியியல் மாடலிங் என்பது என்ன? பெரிய கம்பெனிக்கான சமாச்சாரமா?

இல்லை, அது கணக்குப்பிள்ளை வேலை. லேப் ரிப்போர்ட் "நிக்கல் 60" என்று மொத்தத்தை மட்டும் சொல்லும். அந்த 60 மில்லிகிராமும் தண்ணீரில் ஒரே கோலத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் தனி அயனியாக, கொஞ்சம் சல்பேட்டோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் சிட்ரேட்டின் பிடியில், மீதி ஹைட்ராக்சைடாகி அடியில் படியத் தயாராக இருக்கும். யார் எவ்வளவு என்பதை, அந்தந்த வினை எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்று சொல்லும் சமநிலை மாறிலிகளை வைத்துக்கொண்டு கணினி பிரித்துத் தரும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். மொத்த வசூல் மட்டும் தெரிந்து என்ன செய்வது? யார் எவ்வளவு எழுதினார்கள் என்று தெரிந்தால்தானே திருப்பிச் செய்ய முடியும்.

மாடல் உங்களுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து தராது. இருபது குடுவைத் தண்ணீரில் (ஜார் டெஸ்ட்) குத்துமதிப்பாகச் செய்து பார்க்க வேண்டியதை ஆறு குடுவைக்குக் குறைத்துத் தரும். எந்த ஆறு என்பதைச் சொல்லும்.

சுண்ணாம்பு போட்டு பிஎச்சை ஏற்றினால் உலோகம் எல்லாம் இறங்கிவிடும் என்று கற்றுக்கொடுத்தார்களே, அது போதாதா?

தண்ணீரில் வேறெதுவும் இல்லையென்றால் போதும். நிக்கல் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கத்தை (எவ்வளவு வரை கரையும் என்று சொல்லும் மாறிலி) வைத்துக் காகிதத்திலேயே போட்டுப் பாருங்கள். பிஎச் 8 என்றால் லிட்டருக்கு 32 மில்லிகிராம் நிக்கல் கரைந்தே கிடக்கும். 9-க்குப் போனால் 0.3. 10-க்குப் போனால் 0.003. ஒரு பிஎச் ஏறினால் நூறு மடங்கு இறங்குகிறது. பிஎச் 8.5-இல் நிறுத்திவிட்டு "நிக்கல் ஏன் வருகிறது" என்று தலையைச் சொறிகிற யூனிட்கள் எத்தனையோ. வெளியேற்றும் வரம்பு 9 என்பதால் அதைத் தாண்டக்கூடாது என்று பயந்து அங்கேயே நிறுத்துகிறார்கள். தாண்டலாம். ஸ்லட்ஜை, அதாவது அடியில் படிந்த சேற்றை, பிரித்த பிறகு அமிலம் விட்டுக் கீழே கொண்டுவரலாம். பிரிக்கும் முன் அமிலம் விட்டால் படிந்த நிக்கல் திரும்பக் கரைந்துவிடும். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு.

இன்னொரு சிக்கல், எல்லா உலோகத்துக்கும் ஒரே பிஎச் ஒத்துவராது. மூன்று இணைதிறன் குரோமியம் பிஎச் 7.5 முதல் 8.5-க்குள் நன்றாகப் படியும். துத்தநாகத்துக்கு 9-ஐ ஒட்டி. நிக்கலுக்கு 10-க்கு மேல். குரோமியமும் துத்தநாகமும் ரொம்ப ஏற்றினால் மறுபடி கரையும் சாதி. மூன்றும் ஒரே டேங்கில் கலந்து வந்தால் யாருக்காகப் பிஎச் வைப்பது என்பதே முதல் கேள்வி. மாடலில் பிஎச்சை 7-லிருந்து 12 வரை கால் கால் படியாக ஏற்றி மூன்று கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து பார்த்தால், மூன்றும் வரம்புக்குக் கீழே இருக்கும் இடம் ஒன்று இருக்கிறதா, இல்லை இரண்டு கட்டமாகத்தான் பிரிக்க வேண்டுமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிஎச் 10 வைத்தும் நிக்கல் இறங்கவே மாட்டேன் என்கிறது. என்ன காரணம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதனால் நான் பார்த்த ஒரு யூனிட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

சுத்திகரிப்புக்கு முன் நிக்கல் 60, பின் 11. பிஎச் 10-இல் நிற்கிறது. ஓனர் ஏற்கெனவே துகள்களைத் திரட்டும் பாலி (பாலிமர்) இரண்டு விதம் மாற்றிப் பார்த்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர் பெரிய செட்லிங் டேங்க் கட்டச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருந்தார். நான் போனதும் முதலில் செய்தது, பத்து மில்லி ஊசிக் குழாயில் சுத்திகரித்த தண்ணீரை எடுத்து 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியாக ஒரு சின்ன பாட்டிலில் தள்ளியது. வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று, இரண்டையும் லேபுக்கு அனுப்பினோம். வடிகட்டாதது 11. வடிகட்டியது 10.4.

இந்த இரண்டு எண்களில் பாதிக் கதை முடிந்துவிட்டது. வடிகட்டியதில் நிக்கல் குறைவாக வந்திருந்தால், நிக்கல் துகளாகிவிட்டது, படியத்தான் மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். அப்போது பாலி, டேங்க், ஃபில்டர் பிரஸ் பற்றிப் பேசலாம். இங்கே கிட்டத்தட்ட முழுவதும் கரைந்த நிலையிலேயே இருந்தது. டேங்கை மைதானம் அளவுக்குக் கட்டினாலும் கரைந்திருப்பது படியாது. எஸ்டிமேட்டை மடித்து வைக்கச் சொன்னேன்.

அடுத்து கணக்கு. ரிப்போர்ட்டில் இருந்ததை மட்டும் மாடலில் கொடுத்தால், பிஎச் 10-இல் கரைந்த நிக்கல் 0.003-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்றது. கையில் இருப்பதோ 10.4. மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். கணக்கு இவ்வளவு தப்பாகாது. நோட்டில் எழுதாத ஆள் யாரோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

யார் என்று ஓனருக்குத் தெரியவில்லை. ஆபரேட்டரைத்தான் கேட்டேன். "சார், எலக்ட்ரோலெஸ் லைன் போட்டு மூணு மாசம் ஆச்சு. பாத் வீணாப் போனா கலெக்‌ஷன் டேங்க்லதான் விடறோம். அப்புறம், சுண்ணாம்புல ஸ்லட்ஜ் ஜாஸ்தி வருதுன்னு அதே சமயம்தான் காஸ்டிக்குக்கு மாறினோம்" என்றார். இரண்டு விஷயமும் ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. (காஸ்டிக் என்றது காஸ்டிக் சோடாவை.)

எலக்ட்ரோலெஸ், அதாவது மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையாலேயே பூசும் நிக்கல் குளியலில் (பாத்தில்) நிக்கலைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைப்பதற்கென்று சிட்ரேட், லாக்டேட், கிளைசின், அமோனியா மாதிரி ஏதாவது போட்டிருப்பார்கள். அது அங்கே நல்ல வேலை, ஈடிபியில் எமன். மாடலில் லிட்டருக்கு 1 மில்லிமோல் சிட்ரேட், அதாவது சுமார் 190 மில்லிகிராம் சேர்த்தேன். 0.003 என்று சொன்ன அதே கணக்கு இப்போது 10 என்றது.

சரி, இனி என்ன செய்யலாம் என்றும் மாடலிடமே கேட்டேன். காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு போட்டால், அதிலுள்ள கால்சியம், சிட்ரேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நிக்கல் கைவிடப்பட்டு ஹைட்ராக்சைடாகிப் படியும் என்றது. காஸ்டிக்கில் இருப்பது சோடியம். அதற்கு இந்த வேலை தெரியாது. ஆக, புது லைன் வந்ததும் சுண்ணாம்பு போனதும் ஒரே மாதத்தில் நடந்ததுதான் வினை.

ஆறு குடுவை வைத்தோம். காஸ்டிக்கில் பிஎச் 10, 10.5, 11. சுண்ணாம்பில் அதே மூன்று. காஸ்டிக் 11-இல் நிக்கல் 4-க்கு மேலேயே நின்றது. சுண்ணாம்பு 10-இல் 2.6, 11-இல் 1.2. மாடல் சொன்ன திசை சரி, சொன்ன அளவு தப்பு. அது 0.1-க்கும் கீழே போகும் என்றிருந்தது. மீதி நிக்கலைப் பிடித்து வைத்திருப்பது கிளைசினாகவோ அமோனியாவாகவோ இருக்கலாம். கால்சியம், சிட்ரேட்டோடு மல்லுக்கு நிற்கும், அமோனியாவைச் சீண்டாது.

கடைசியில் செய்தது இதுதான்: வீணான பாத்தை தனி டிரம்மில் பிடித்து வைத்தார்கள், கலெக்‌ஷன் டேங்குக்குச் சுண்ணாம்பு திரும்பி வந்தது, பிஎச் 10.5-க்கு மேல் வைத்துப் படியவிட்டு, அப்புறம் 8-க்கு இறக்கினார்கள். ஸ்லட்ஜ் கூடியதில் ஓனருக்கு இன்றுவரை வருத்தம்.

சுண்ணாம்பில் ஸ்லட்ஜ் ஏன் அவ்வளவு வருகிறது?

சல்பேட் இருந்தால் வரும். ஒரு கிலோ கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் சுமார் 1.75 கிலோ ஜிப்சம் உருவாகும். அதில் லிட்டருக்கு 2 கிராமைச் சற்றே தாண்டும் அளவுதான் தண்ணீரில் கரைந்திருக்கும், மீதி ஸ்லட்ஜ். காஸ்டிக்கில் உருவாகும் சோடியம் சல்பேட் கரைந்தே போய்விடும். ஸ்லட்ஜ் குறைகிறது, ஆனால் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஏறுகிறது. தமிழ்நாட்டில் டிடிஎஸ் 2100-ஐத் தாண்டக்கூடாது என்பதால் அந்தப் பக்கமும் நெருக்கடிதான். இரண்டையும் கலந்து, பிஎச் 7 வரை காஸ்டிக், அதற்கு மேல் சுண்ணாம்பு என்று ஓட்டும் யூனிட்களும் உண்டு. உங்கள் தண்ணீருக்கு எந்த விகிதம் என்பது மாடலில் போட்டுப் பார்க்க ரொம்பச் சுலபமான விஷயம்.

சிட்ரேட் இல்லை, இடிடிஏ இருக்கிறது. அதற்கும் சுண்ணாம்பு போதுமா?

போதாது. இடிடிஏவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும் ஒரு ரசாயனம்தான், ஆனால் அது நிக்கலைப் பிடிக்கும் பிடி சிட்ரேட்டைவிடப் பல கோடி மடங்கு இறுக்கம். துத்தநாக-நிக்கல் கலவை பிளேட்டிங்கில் வரும் அமீன்களும் லேசில் விடாது. அங்கே மூன்று வழிகள் பேசுவார்கள். ஒன்று, டைதயோகார்பமேட் வகை ரசாயனம் போட்டு நிக்கலை இடிடிஏவிடமிருந்து பறித்துப் படியவைப்பது. இரண்டு, அமில நிலையில் ஃபெரிக் உப்பு சேர்ப்பது. மூன்று இணைதிறன் இரும்பை இடிடிஏ நிக்கலைவிட இறுக்கமாகப் பிடிக்கும், நிக்கல் வெளியே வரும், பிறகு பிஎச் ஏற்றலாம். மூன்று, ஃபென்டன் முறையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் வைத்து பிஎச் 3-ஐ ஒட்டி இடிடிஏவையே உடைப்பது.

இரண்டாவது வழியின் சாத்தியத்தை மாடல் நன்றாகவே சொல்லும். முதலாவதும் மூன்றாவதும் குடுவையில் பார்த்தால்தான் உண்டு. எப்படியானாலும் இந்த மாதிரி பாத்தை ரின்ஸ் தண்ணீரோடு கலக்காமல் இருப்பதுதான் மலிவு.

எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறீர்கள்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இலவசமாகத் தரும் ஃப்ரீக். எழுதும்போது பி-ஹெச்-ஆர்-இ-இ-க்யூ-சி, தேடும்போது அப்படித் தேடுங்கள். நிலத்தடி நீருக்காக வந்தது, ஈடிபி தண்ணீருக்கும் ஒத்துழைக்கிறது. எழுத்தாக உள்ளீடு கொடுப்பது அலுப்பாக இருந்தால் விஷுவல் மின்டெக் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். கட்டங்களில் எண்ணை நிரப்பினால் போதும், மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். பழைய லேப்டாப் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரீக்கின் வழக்கமான தரவுக்கோப்பில் நிக்கலே கிடையாது, சிட்ரேட்டும் கிடையாது. மின்டெக் நான்காம் பதிப்புத் தரவுக்கோப்பைத் தேர்ந்தெடுத்தால் நிக்கல், சிட்ரேட், இடிடிஏ எல்லாம் இருக்கும். கோப்பில் இல்லாத வினையை மென்பொருள் தானாகக் கற்பனை செய்துகொள்ளாது.

லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அதை அப்படியே மாடலில் போடலாமா?

போடும் முன் ரிப்போர்ட் தன்னோடு தானே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எந்தத் தண்ணீரிலும் நேர்மின் அயனிகளின் கூட்டலும் எதிர்மின் அயனிகளின் கூட்டலும் சமமாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்: சோடியம் 690, கால்சியம் 200, மெக்னீசியம் 60, குளோரைடு 710, சல்பேட் 480, காரத்தன்மை 250. மில்லி ஈக்விவலன்டில், அதாவது மின்னூட்டக் கணக்கில், மாற்றினால் சோடியம் 30, கால்சியம் 10, மெக்னீசியம் 5, மொத்தம் 45. அந்தப் பக்கம் குளோரைடு 20, சல்பேட் 10, காரத்தன்மை 5, மொத்தம் 35. வித்தியாசம் 10, அதை இரண்டின் கூட்டலான 80-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். ஐந்தைத் தாண்டினாலே எனக்கு உறுத்தும். ஒன்று குளோரைடு தப்பு, இல்லை நைட்ரேட் மாதிரி எதையோ அளக்கவில்லை. மாடல் தருகிற முதல் லாபம் இதுதான், நிக்கல் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பே கிடைத்துவிடுகிறது. இப்படி லேபுக்கு போன் போட்டு "குளோரைடை இன்னொரு தடவை டைட்ரேட் பண்ணுங்க" என்று சொன்னதில் பலமுறை எண் மாறியிருக்கிறது.

சாம்பிள் எடுப்பதும் முக்கியம். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் முதலில் வடிகட்டுங்கள், பிறகு நைட்ரிக் அமிலம் விடுங்கள். மாற்றிச் செய்தால் துகளாக இருந்ததும் கரைந்து ரிப்போர்ட்டில் ஏறிவிடும். பிஎச்சும் வெப்பநிலையும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். மே மாத வெயிலில் பைக் டேங்க் மேல் பாட்டிலை வைத்து கிண்டி வரை கொண்டுபோய் அளக்கிற பிஎச், உங்கள் டேங்கின் பிஎச் இல்லை. அமோனியா, சல்பேட், காரத்தன்மை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள்.

ஜார் டெஸ்டை எப்படிச் சரியாகச் செய்வது?

ஒரு லிட்டர் குடுவை ஆறு, கலக்கி ஒன்று. ரசாயனம் விட்டதும் நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம், பிறகு 20 அல்லது 30 சுற்றில் கால் மணி நேரம், அரை மணி படியவிடுதல். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தவறு நடக்கும் இடம் வேறு.

லேபில் உள்ள சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்து டெஸ்ட் செய்துவிட்டு, பிளான்ட்டில் மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட் ஆகிக்கொண்டே இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். சோடா பாட்டில் மாதிரி நுரைத்தால் அது பாதி சுண்ணாம்புக்கல். அதைக் கொட்டி பிஎச் 11 வேண்டும் என்றால் வராது. பிளான்ட்டில் இருக்கும் மூட்டையிலிருந்தே எடுத்துக் குடுவையில் போடுங்கள்.

அப்புறம், குடுவையில் கால் மணி நேரம் கலக்கிய வேலைக்கு உங்கள் ரியாக்‌ஷன் டேங்கில் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள். டேங்கின் கொள்ளளவை மணிக்கு வரும் தண்ணீரால் வகுத்தால் தெரிந்துவிடும். நாலு நிமிடம்தான் என்றால், குடுவையிலும் நாலு நிமிடம்தான்.

மாடல் ஒன்று சொல்கிறது, குடுவை வேறு சொல்கிறது. எதை நம்புவது?

குடுவையைத்தான். ஆனால் ஏன் விலகியது என்று கேட்காமல் விடாதீர்கள், அந்த வித்தியாசத்தில்தான் தகவல் இருக்கிறது. மாடலைவிடக் குடுவையில் உலோகம் அதிகம் என்றால், கணக்கில் வராத பிடிப்பான் ஒன்று இருக்கிறது, அல்லது வினை மெதுவாக நடக்கிறது, அல்லது துகள் அவ்வளவு பொடியாக இருந்து ஃபில்டரைத் தாண்டிப் போகிறது. ஒரு குடுவையை மட்டும் கொட்டாமல் மறுநாள் வரை வைத்து அளந்தால் மெதுவா, பிடிப்பானா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாடலைவிடக் குறைவு என்றால் சந்தோஷப்பட்டுக்கொண்டே காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் இரும்பு ஹைட்ராக்சைடின் மேல் மற்ற உலோகங்கள் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கியிருக்கும். அந்த இரும்பு உங்கள் பிக்ளிங் (அமிலத்தில் துரு நீக்கும்) தண்ணீரிலிருந்து வந்திருந்தால், பிக்ளிங் நின்ற நாளில் எண் ஏறும்.

குரோம் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கிறது. மெட்டாபைசல்பைட் எவ்வளவு போட வேண்டும்?

ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றத்தான் சோடியம் மெட்டாபைசல்பைட் போடுகிறோம். கணக்குப்படி ஒரு கிலோ ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 2.74 கிலோ. நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு போட்டாலும் மஞ்சள் போகவில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், பிஎச்சைப் பாருங்கள். 2 முதல் 3-க்குள் இருந்தால் நிமிடங்களில் முடியும் வினை, 5-க்குப் போனால் நொண்டி அடிக்கும். மஞ்சள் பச்சையாக மாறிய பிறகுதான் சுண்ணாம்பு. கந்தக டைஆக்சைடு நெடி வரும் வேலை இது, மூடிய ஷெட்டுக்குள் நின்று செய்யாதீர்கள். மிஞ்சிய மெட்டாபைசல்பைட் பின்னால் சிஓடியாக (தண்ணீரிலுள்ளதை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜன் அளவு) ரிப்போர்ட்டில் தலை காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோல் தொழிலுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றே. குரோமியத்தைத் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையை, அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல் தொழிலுக்குள் கொண்டுவந்து ரொம்ப நாளாகிறது.

நான் இங்கே சொல்ல விரும்புவது பாதுகாப்பு பற்றி மட்டும். முடி நீக்கும் சுண்ணாம்புக் குழித் தண்ணீரில் சல்பைடு இருக்கும். பிஎச் 9-இல் அதில் ஒரு சதவீதம்தான் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வடிவம். 7-இல் பாதி. 5-இல் கிட்டத்தட்ட முழுவதும். அமிலமான குரோம் தண்ணீரையும் இந்தத் தண்ணீரையும் ஒரே குழியில் கலந்தால் அந்தக் குழிக்குள் இறங்கும் ஆள் திரும்ப ஏறமாட்டார். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதாக நினைக்காதீர்கள். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும்.

ஃபுளோரைடு 12-இல் நிற்கிறது, 2-க்கு இறங்க மாட்டேன் என்கிறது. சுண்ணாம்பைக் கூட்டலாமா?

கால்சியம் ஃபுளோரைடே சுத்தத் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஃபுளோரைடு வரும் அளவுக்குக் கரையும். கால்சியத்தைக் கூட்டினால் காகிதத்தில் அது இறங்கும், ஆனால் படிகம் மிகப் பொடியாக வருவதால் தண்ணீரில் அந்த இறக்கம் லேசில் தெரியாது. முதல் கட்டம் சுண்ணாம்பும் கால்சியம் குளோரைடும், இரண்டாம் கட்டம் படிகாரம். சுண்ணாம்பு மட்டும் வைத்துக்கொண்டு 2-க்குப் போராடுவது வீண்.

ஆர்ஓ மெம்பரேனில் வெள்ளையாக அடைத்துக்கொள்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

மாடல் தன் முழுச் சம்பளத்தையும் வாங்கும் இடம் இது. உள்ளே போகும் தண்ணீரில் கால்சியம் 250, சல்பேட் 800 என்று வையுங்கள். 75 சதவீதம் ரெக்கவரி, அதாவது முக்கால் பங்கு நல்ல தண்ணீராக எடுத்தால், ரிஜெக்டில் (மிஞ்சும் உப்புத் தண்ணீரில்) எல்லாம் நான்கு மடங்கு: கால்சியம் 1000, சல்பேட் 3200. இரண்டின் செறிவையும் கையால் பெருக்கி ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கத்தோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு தாண்டிவிட்டது போலத் தெரியும். பயந்து ரெக்கவரியைக் குறைத்துவிடுவீர்கள். ஆனால் உப்பு நிறைந்த தண்ணீரில் அயனிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும், அவற்றின் வீரியம் செறிவைவிடக் குறைவு. கால்சியமும் சல்பேட்டும் கரைந்த நிலையிலேயே ஜோடியாகவும் திரியும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையில் ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் வரும். ஒன்றரை மடங்கை ஆன்டிஸ்கேலன்ட் (படிவதைத் தடுக்கும் ரசாயனம்) வைத்துச் சமாளிக்கலாம், முப்பதைச் சமாளிக்க முடியாது. ரிஜெக்டைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கும் இடத்தில் உப்பு இன்னும் ஏறிவிட்டால் சாதாரணக் கணக்கு காலை வாரும். அங்கே அதிக உப்புக்கென்றே உள்ள பிட்சர் முறைத் தரவுக்கோப்புக்கு மாற வேண்டும்.

உள்ளே வரும் தண்ணீரே மாறுகிறது என்பதையும் பாருங்கள். ஒரு வாரம் டேங்கர் லாரித் தண்ணீர், அடுத்த வாரம் சொந்த போர்வெல், மழைக்காலத்தில் வேறு. மணலி, ஶ்ரீபெரும்புதூர் பக்கம் குடிநீர் வாரியம் சுத்திகரித்துத் தரும் ஆர்ஓ தண்ணீரை வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சிஓடியையும் இப்படி மாடல் செய்யலாமா?

இந்த வகை மென்பொருளால் முடியாது. சாயம், எண்ணெய், சோப்பு எல்லாம் கலந்த ஒற்றை எண் அது, அதற்குச் சமநிலை மாறிலி கிடையாது. குடுவைதான் வழி. ஃபென்டன் செய்தபின் சிஓடி எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் மிஞ்சிய பெராக்சைடைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு மில்லிகிராம் பெராக்சைடும் 0.47 மில்லிகிராம் சிஓடி போலக் காட்டும்.

தண்ணீர் ஊற்றிக் கலந்து விட்டால் எண் இறங்கிவிடுமே?

இறங்கும். கூவத்துக்குப் போகும் நிக்கல் ஒரு கிராம்கூடக் குறையாது. சட்டப்படியும் தப்பு.

எங்களிடம் கெமிஸ்ட் கிடையாது. ஆபரேட்டர் ஒருவர்தான். அவர் எதிலிருந்து தொடங்குவது?

பிஎச் மீட்டரிலிருந்து. ஒரு யூனிட்டில் இரண்டு வாரம் மாடலுக்கும் குடுவைக்கும் இடையில் நான் முட்டிக்கொண்டிருந்தேன். சிட்ரேட் இல்லை, அமோனியா இல்லை, சுண்ணாம்பு புது மூட்டை. பிஎச் 9.8 என்று மீட்டர் சொல்கிறது, நிக்கல் மட்டும் கணக்குக்கு மேல் பல மடங்கு. மூன்றாவது வாரம் ஆபரேட்டர் தம்பி பிஎச் பேப்பர் ஒன்றைக் கிழித்து நனைத்து, டப்பாவில் ஒட்டியிருந்த வண்ணக் கட்டத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது 9 மாதிரிதான் தெரியுது" என்றான். பிஎச் தெரிந்த பஃபர் கரைசல் வாங்கி வந்து பார்த்தோம். எலக்ட்ரோட் முனையில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, மீட்டர் 0.8 கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. 0.8 பிஎச் என்றால் நிக்கலில் நாற்பது மடங்கு. நீர்த்த அமிலத்தில் பத்து நிமிடம் எலக்ட்ரோடை ஊறவைத்தோம், 7-க்கும் 10-க்கும் சரிசெய்தோம், சுண்ணாம்பு வால்வை இன்னும் அரைச் சுற்று திறந்தோம். அன்று மாலை எடுத்த சாம்பிள் பாஸ்.